ஆள்சேரியல்: கீழ் டிவிஷன் கேப்டன் குறித்து ஒரு முன்னாய்வு

கிரிக்கெட் தலைமை பற்றிய நூல்களுக்குப் பொதுவாக ஒரு குறை உண்டு. பதினொரு பேர் வந்து சேர்ந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொண்டே அவை பேசுகின்றன. இத்துறையில் பலரும் முதல்நூலாகக் கொண்டாடுவது மைக் பிரேர்லி 1985-இல் எழுதிய 'தி ஆர்ட் ஆஃப் கேப்டன்சி'. பிரேர்லி 31 டெஸ்ட்களில் இங்கிலாந்துக்குத் தலைமை தாங்கி 18-ஐ வென்றார், 4-இல் மட்டும் தோற்றார். பேட்டிங்கில் அவருடைய டெஸ்ட் சராசரி 22.88, சதம் ஒன்றுகூட இல்லை. ரன் அடிக்காமலே கேப்டனாக இருக்கலாம் என்பதற்கு அவரையே சான்று காட்டுவோர் சென்னையின் ஐந்தாம் டிவிஷனில் நிறைய உண்டு. வென்று காட்டுவதில் மட்டும் அவர்கள் பிரேர்லியைப் பின்பற்றுவதில்லை. ஆனால் பிரேர்லிக்கு ஆள் கொடுத்தது தேர்வுக்குழு. ஆறு பேரை அனுப்பிவிட்டு, மீதியை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று எந்தக் குழுவும் அவரிடம் சொன்னதில்லை.

உள்ளூர் வரலாறும் கைகொடுக்கவில்லை. ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் 1934 நவம்பரில் சேப்பாக்கத்தில் நடந்தது. ஏ.ஜி. ராம்சிங் 11 விக்கெட் எடுக்க, மைசூர் 48-க்கும் 59-க்கும் சுருண்டது. மெட்ராஸ் ஒரே நாளில் ஆட்டத்தை முடித்துவிட்டது. வரலாற்றாசிரியர்கள் ராம்சிங்கின் சுழலைப் புகழ்வார்கள். நம் நோக்கில் அந்த வெற்றியின் மாண்பு வேறு: மறுநாளைக்கு ஆள் சேர்க்கும் வேலையே இல்லாமல் போயிற்று.

நான்காம், ஐந்தாம் டிவிஷனில் ஒரு சீசன் முழுக்க அணியைக் கட்டி இழுப்பவருக்கு ஃபீல்ட் செட்டிங், பவுலிங் மாற்றம் எல்லாம் பிற்பாடு. ஞாயிறு காலை எட்டு மணிக்குப் பதினொரு உடல்களை ஒரே மைதானத்தில் நிறுத்துவதே அவருடைய கல்வி. அந்தக் கல்விக்கு இதுவரை பெயர் இல்லை. ஆள்சேரியல் என்று வைத்துக்கொள்வோம். இத்துறை அறிஞர்கள் சந்தித்துக்கொண்டால் குட் மார்னிங் சொல்வதில்லை, 'ஆள் சேந்தாச்சா?' என்றுதான் கேட்டுக்கொள்கிறார்கள்.

அடிப்படைச் சூத்திரம் எம்.சி.சி. விதிகளின் முதல் விதியிலேயே இருக்கிறது. அணிக்குப் பதினொரு பேர், அவர்களில் ஒருவர் கேப்டன் என்கிறது அது. நுண்ணிதின் நோக்கினால், கேப்டனும் பதினொருவரில் அடக்கம் என்பதால் அவர் தேட வேண்டியது பத்துப் பேரை மட்டுமே. விதி செய்தோர் காட்டிய கருணை அவ்வளவுதான். இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் பதினொன்றுக்குக் குறைவாகவோ கூடுதலாகவோ ஆடலாம். ஆனால் ஒரே நேரத்தில் பதினொருவருக்கு மேல் ஃபீல்டிங் செய்யக் கூடாது என்றும் அதே விதி எச்சரிக்கிறது. ஆள் மிகுந்துபோகும் என்று அஞ்சியவர் எந்த ஊர்க்காரரோ தெரியாது, ஐந்தாம் டிவிஷனுக்கு வந்தவர் இல்லை.

கேப்டனின் வினா புதன் இரவு வாட்ஸாப் குழுவில் பிறக்கிறது. 'சண்டே மேட்ச். ஆவடி. எட்டு மணிக்கு ரிப்போர்ட்டிங். யார் யார் வர்றீங்க, சொல்லுங்கப்பா.' வினாவை ஆறாக வகுத்த நன்னூலார் இதை எதில் சேர்ப்பார்? மேலுக்கு அறியாவினா. கேப்டனின் உள்ளக்கிடக்கையில் ஏவல் வினா. கடைக்காரரிடம் பருப்பு உண்டா என்று கேட்கும் கொளல் வினா என்று கொள்வதே பொருந்தும் என்பது நம் துணிபு. சரக்கு இல்லை என்ற பதில் பெரும்பாலும் வருவதால்.

விடையை அவர் எட்டாக வகுத்தார். பவணந்தி முனிவர் பதின்மூன்றாம் நூற்றாண்டினர், கிரிக்கெட் அறியாதவர். ஆனாலும் அவருடைய எட்டு விடையும் ஒரே குழுவில் ஒரே இரவில் கிடைத்துவிடுகின்றன. 'வர்றேன்' என்பது நேர்விடை, 'வரல' என்பது மறைவிடை. இவை அரிய வகை. 'வரல' என்று சொல்பவரைக் கேப்டன்கள் திட்டினாலும், அணியின் உண்மையான தூண் அவர்தான். அவர் பெயரை அடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். 'அவனக் கேளுங்க, அவன் வண்டியிலதான் நான் வரணும்' என்பது சுட்டு விடை. 'நீங்க அந்தப் புதுப்பையனப் போடுங்க கேப்டன்' என்பது ஏவல் விடை. சொல்பவர் வரமாட்டார் என்பது குறிப்பு. 'நான் வராம இருப்பேனா?' என்பது வினா எதிர் வினாதல். உடன்பாட்டுப் பொருள் தரும் என்கிறது இலக்கணம். இருப்பார் என்கிறது ஸ்கோர் புத்தகம்.

தனி ஆய்வுக்கு உரியவை உற்றது உரைத்தலும் உறுவது கூறலும். 'முட்டி வலிக்குது கேப்டன்' என்றால் உற்றது. 'சண்டே முட்டி வலிக்கும்னு நெனைக்கிறேன்' என்றால் உறுவது. ஞாயிற்றுக்கிழமை வலியைப் புதன்கிழமையே அறியும் முட்டிகள் எல்லா அணியிலும் ஒன்றிரண்டு உண்டு. ஆட்டம் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ.வில் என்றால் இவை வலிப்பதில்லை. ஆவடி என்றால் வலிக்கத் தொடங்கி, தாம்பரத்துக்கு அப்பால் என்றால் வீங்கியும் விடுகின்றன. முட்டிக்கும் கிலோமீட்டருக்கும் உள்ள இந்த உறவை எலும்பு மருத்துவர்கள் கவனிக்காமல் விட்டது வியப்பே.

எஞ்சியது இனமொழி விடை. ஒன்றைக் கேட்டால் அதற்கு இனமான வேறொன்றைச் செய்வதாகச் சொல்வது. 'மேட்சுக்கு முடியாது, நெட்ஸுக்குக் கண்டிப்பா வந்துர்றேன்.' அந்த அணிக்கு நெட்ஸ் கிடையாது.

நன்னூலார் காணாத விடை ஒன்று உண்டு, அது கட்டைவிரல். செய்தியைப் படித்தேன் என்று பொருளா, வருகிறேன் என்று பொருளா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு நீடிக்கிறது. கேப்டன் அழகாக எழுதியிருக்கிறார் என்னும் பாராட்டே அது என்பாரும் உளர். அனுபவம் உள்ளவர்கள் சண்டைக்குப் போகாமல் ஒரு கட்டைவிரலுக்கு அரை ஆள் என்று கணக்கு வைக்கிறார்கள். நான்கு நேர்விடையும் பன்னிரண்டு கட்டைவிரலும் விழுந்தால் பத்துப் பேர், கேப்டனோடு பதினொன்று. சாதாரண ஞாயிறுகளுக்கு இந்த வாய்பாடு சரியாக வரும். முகூர்த்த நாளில் வராது.

முகூர்த்தம் என்றதும் நாம் சீசன் முழுவதையும் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. லீக் அட்டவணை ஆங்கிலத் தேதியில் வந்தாலும் அணியின் பலம் தமிழ் மாதத்தில் ஓடுகிறது. சீசன் ஆடியில் தொடங்கினால் அந்தக் கேப்டன் பாக்கியசாலி. ஆடியில் கல்யாணம் இல்லை, கிரகப்பிரவேசம் இல்லை, பெண் பார்க்கப் போவதுகூட இல்லை. அணி முழு பலத்தோடு நிற்கும், ஏன், இரண்டு பேரை வெளியே உட்கார வைக்கும் கொடுமைகூட நேரும். எடுத்த எடுப்பில் இரண்டு ஆட்டம் ஜெயித்து, இந்த வருஷம் பிரமோஷன்தான் என்று குழுவில் பேச்சு கிளம்புவது இந்த மாதத்தில்தான். ஆவணி பிறந்ததும் ஓப்பனருக்கு மைத்துனி கல்யாணம், விக்கெட் கீப்பருக்கு அதே நாளில் வேறு மண்டபத்தில் ரிசப்ஷன். வள்ளுவர் தெரிந்து தெளிதலையும் தெரிந்து வினையாடலையும் அடுத்தடுத்து வைத்து, அவற்றுக்குப் பின் 53-ஆம் அதிகாரமாகச் சுற்றந்தழாலை வைத்தார். எவ்வளவு தெரிந்து தெளிந்தாலும் கடைசியில் சுற்றம் வந்து ஆளைக் கொண்டுபோய்விடும் என்பதை இந்த வைப்புமுறையே காட்டுகிறது என்று ஒரு கேப்டன் உரை சொன்னார். உரையாசிரியர்கள் எவரும் இதைச் சொல்லவில்லை; அவர்களுக்கு ஆவணியில் மேட்ச் இருந்திருக்காது.

புரட்டாசியில் மறுபடியும் ஆள் திரும்பும். கார்த்திகையில் அணியில் பாதி மாலை போட்டுக்கொள்ளும். சபரிமலைக்கு விரதம் இருப்பவர் செருப்பே போடாதபோது ஸ்பைக்ஸ் எங்கே போடுவார்? வேகப்பந்து வீச்சாளரை வெறுங்காலோடு ஸ்லிப்பில் நிறுத்திவிட்டு, ஆஃப் ஸ்பின்னரைப் புதுப்பந்தில் போடச் சொல்லும் துணிவு அந்த மாதத்துக் கேப்டனுக்கே உரியது. எதிரணியிலும் மூன்று சாமிகள் இருப்பதால் கணக்கு நேராகிவிடும். எல்.பி.டபிள்யூ. கேட்டு அவுட் கொடுக்காவிட்டாலும் அன்றைக்கு யாரும் கெட்ட வார்த்தை பேசுவதில்லை.

இனி ஆட்ட நாள். விதிப்படி டாஸ் போடும் நேரம், ஆட்டம் தொடங்க முப்பது நிமிடம் முன்னதாகத் தொடங்கிப் பதினைந்து நிமிடம் முன்னதாக முடிந்துவிடுகிறது. டாஸுக்கு முன்பே பதினொரு பெயரையும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அந்த நேரத்தில் நம் அணியில் வந்திருப்போர் ஏழெட்டுப் பேர் இருக்கலாம். மற்றவர்கள் எழுத்தால் உளர், உடலால் இலர். இலக்கணத்தில் தோன்றா எழுவாய் என்று படித்திருப்பீர்கள். அவர்களில் ஒருவருக்குக் கேப்டன் போன் போடுகிறார். 'கத்திப்பாரா தாண்டிட்டேன் தல, பத்து நிமிஷம்' என்கிறது குரல். பின்னால் வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கிறது.

டாஸில் ஜெயித்தால் பேட்டிங். கீழ் டிவிஷனில் இந்த முடிவு பிட்சைப் பார்த்து எடுப்பதல்ல, பைக் நிறுத்துமிடத்தைப் பார்த்து எடுப்பது. பேட்டிங்குக்கு இரண்டு பேர் போதும். முதல் விக்கெட் விழுவதற்குள் மூன்றாமவர் வந்துவிட்டால் ஆட்டம் ஓடும். இதனாலேயே எதிரணிக் கேப்டனும் டாஸுக்கு நடந்து வரும்போது நம் பக்கம் தலை எண்ணுகிறார். அவர் கணக்கைக் கெடுக்க, வேடிக்கை பார்க்க வந்த பையன்கள் இருவருக்கு ஆளுக்கொரு டீம் தொப்பியைக் கொடுத்து, பந்தைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கச் சொல்வது தொன்றுதொட்ட வழக்கம். எதிரணியிலும் அதே மாதிரி இருவர் பந்தைத் தூக்கிப் போட்டுப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

டாஸில் தோற்று ஃபீல்டிங் வந்தால்தான் கேப்டனின் புலமை வெளிப்படும். மாற்று ஃபீல்டரைப் பற்றிய 24-ஆம் விதி, ஆட்டத்தின்போது காயமோ நோயோ வந்தால் ஒருவருக்குப் பதில் இன்னொருவரை நிறுத்தலாம் என்கிறது. கூடவே, முழுக்க ஏற்கத்தக்க வேறு காரணம் இருந்தாலும் நிறுத்தலாம் என்கிறது. கத்திப்பாரா ஏற்கத்தக்க காரணமா? அம்பயரைப் பொறுத்தது. அவரும் அந்த வழியாக வந்திருந்தால் ஒத்துக்கொள்வார். அந்த மாற்று ஆள் பவுலிங் போடக் கூடாது, கேப்டனாகச் செயல்படவும் கூடாது என்று விதி தடுக்கிறது. பின்னதைத் தடுத்திருக்கவே வேண்டாம். இன்றுவரை யாரும் முன்வந்ததில்லை.

தாமதமாக வந்த வேகப்பந்து வீச்சாளர் காரைப் பூட்டிய கையோடு பந்தைக் கேட்கிறார். எட்டு நிமிடத்துக்கு மேல் களத்தில் இல்லாதவர், எவ்வளவு நேரம் இல்லையோ அவ்வளவு நேரம் களத்தில் நின்ற பிறகே பந்து வீசலாம் என்கிறது விதி. அவர் வந்தது முக்கால் மணி நேரம் கழித்து. ஆக, ஐம்பத்திரண்டு வயது இடக்கை ஸ்பின்னரும், 'மாங்கா போடுறான்' என்று எல்லா எதிரணியும் முணுமுணுக்கும் இன்னொருவரும் புதுப்பந்தை உருட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒன்பது பேரை வைத்து ஃபீல்ட் செட் செய்வதைக் கிட்ட நின்று பார்த்தால்தான் அருமை தெரியும். பவுலர், கீப்பர் போக ஏழு பேர். அதில் முட்டிக்காரரை எங்கே நிறுத்துவது என்பது முதல் சிக்கல். ஃபைன் லெக்கில் நிறுத்தினால் ஓவருக்கு ஓவர் மறுகோடிக்கு நடக்க வேண்டும், நடக்க மாட்டார். மிட் ஆனில் வைத்தால் குனிய வேண்டும். டீப் மிட்விக்கெட்டில், பவுண்டரி ஓரத்து வேப்பமரத்துக்குக் கீழே நிறுத்துகிறார்கள். ஒன்பது மணிக்கு மரத்து நிழல் பவுண்டரிக்கு உள்ளே இருபது அடி நீண்டிருக்கிறது. முட்டிக்காரரும் சரியான இடத்தில் நிற்கிறார். பத்து மணிக்கு நிழல் கோட்டைத் தொடுகிறது, அவரும் தொடுகிறார். பதினொன்றரைக்கு நிழல் கோட்டுக்கு வெளியே சுருண்டுவிட்டது. பேட்ஸ்மேன் அந்தப் பக்கம் சுற்றுகிறார், பந்து உயரே போகிறது, 'உங்களுதுதான்!' என்று ஏழு குரல் கேட்கிறது. முட்டிக்காரர் ஓர் அடிகூட நகராமல் இரண்டு கையாலும் அழகாகப் பிடித்து, அவுட் என்று விரலையும் தூக்குகிறார். அவர் நின்றது கோட்டுக்கு ஐந்தடி வெளியே. அம்பயர் இரண்டு கையையும் உயர்த்தி ஆறு காட்டுகிறார். அணிக்கு அந்த சீசனில் விழுந்த சுத்தமான கேட்ச் அது ஒன்றுதான் என்று ஸ்கோரர் பின்னர் குறிப்பிட்டார்.

பேட்டிங் ஆர்டரை நூல்கள் திறமையோடு சேர்த்துப் பேசுகின்றன. உண்மையில் அது பண்டமாற்று. கார் உள்ளவர் ஒன் டவுன் கேட்பார். அவர் காரில் நான்கு பேரும் கிட் பேக்கும் வருவதால் ஒன் டவுன் கொடுத்தே ஆக வேண்டும். கொடுத்தால் ஒரு கண்டம் உண்டு. முதல் பந்திலேயே போல்டாகித் திரும்பி வருபவருக்கு ஆபீஸில் அவசரம் வந்துவிடும். அவர் கிளம்பினால் காரும் கிளம்பும், அதோடு நம் பவுலிங்கில் பாதியும் கிளம்பும். எனவே தேர்ந்த கேப்டன்கள் அவரை ஏழாவதுக்குத் தள்ளி, 'கடைசியில பிரஷர் ஏறும்போது நீங்க இருந்தாத்தான் சார் தைரியம்' என்கிறார்கள். அந்த வார்த்தைக்கு மயங்காத கார்க்காரரை நாம் கண்டதில்லை. ஒன் டவுனில் போவது ஆடத் தெரிந்த கல்லூரிப் பையன். அவன் பஸ்ஸில் வருகிறவன், அவுட்டானாலும் எங்கும் போக முடியாது. கேப்டன் தனக்கென்று வைத்துக்கொள்வது ஒன்பதாவது இடம். மற்ற எல்லாருக்கும் ஓசி காஜி கொடுத்த பிறகு மிஞ்சுவது அதுதான். அங்கே இறங்கிக் கட்டை போட்டு, தோல்வியை அரை மணி நேரம் தள்ளிவைப்பதைப் புறத்திணையில் சேர்த்தால் நொச்சியில் சேர்க்கலாம். கோட்டைக்குள் இருப்பவன் கோட்டையைக் காப்பது. இங்கே கோட்டை ஏற்கெனவே போய்விட்டது, மதில் மட்டும் நிற்கிறது.

மற்றத் திணைகள் நம் லீக்கில் எப்படி வழங்குகின்றன என்று நீட்டினால் முனைவர் பட்டம் கொடுத்துவிடுவார்கள். வெட்சியை மட்டும் சொல்லிவிடலாம். பதிவு தொடங்குமுன் எதிரணியின் பவுலரை டீக்கடைக்குக் கூப்பிட்டு, 'அங்க உனக்கு நாலு ஓவர்தான தர்றான், இங்க வா, புதுப்பந்து உனக்குத்தான்' என்று மாடு பிடிப்பது வெட்சி. அதே வாரம் நம் ஓப்பனர் வேறொரு டீக்கடையில் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்ற செய்தி வருவது கரந்தைக்கான காரணம்.

ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை வந்து சேர்கிறது. கீழ் டிவிஷன் கேப்டனுக்கு வாய்த்த ஒரே உண்மையான ஆல்ரவுண்டர் மழைதான். முந்தின ராத்திரி பெய்திருந்தால் காலையில் பிட்சைச் சுற்றி ஒரு நாடகம் நடக்கும். அம்பயர் குதிகாலால் தரையை அழுத்திப் பார்ப்பார். பதினொரு பேரோடு வந்த கேப்டன், 'வெயில் வந்துருச்சு சார், அரை மணி நேரத்துல காஞ்சிரும்' என்பார். ஏழு பேரோடு வந்த கேப்டன் கிரீஸுக்கு வெளியே ஓர் இடத்தில் விரலை வைத்து, முகத்தில் அளவற்ற கவலையோடு, 'இங்க பாருங்க சார், சேறு. பசங்களுக்கு ஏதாவது ஆயிட்டா?' என்பார். அந்தப் பசங்கள் இன்னும் எழுந்திருக்கவில்லை. ஆட்டம் கைவிடப்பட்டால் இரு தரப்பும் புள்ளியைப் பங்கிட்டுக்கொள்ளும். எங்கள் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட அணி மழையிடம் ஒருமுறைகூடத் தோற்றதில்லை. பட்டியலில் அடியிலிருந்து மூன்றாவதாக அது நின்றதற்கு ஐப்பசிக்கே நன்றி சொல்ல வேண்டும்.

காசு வசூலைப் பற்றி ஒரு வரி போதும்: மேட்ச் ஃபீ, பந்துக் காசு, லஞ்ச் காசு எல்லாம் கேப்டன் கொடுத்து, பிறகு கேட்பது, பிறகு என்பதற்கு எல்லை வகுக்கப்படவில்லை.

நிறைவாக, தலைமை எவ்வாறு கைமாறுகிறது என்ற கேள்வி. தேர்தல் நடக்கிறதா, மூப்புரிமையா, திறமையா என்று பலவாறு ஆராய்ந்ததில் விடை கிட் பேக்கில் கிடைத்தது. நீளமான, ஜிப் போன, இரண்டு டீம் பேட், மூன்று ஜோடி பேட், யாருமே உரிமை கொண்டாடாத ஓர் அப்டமன் கார்டு, போன சீசன் வியர்வை எல்லாம் அடங்கிய அந்தப் பை, சீசன் முடிந்தபோது யார் வீட்டில் இருக்கிறதோ அவரே அடுத்த சீசனுக்கும் கேப்டன். இதற்கு விதிவிலக்கு நமக்குக் கிட்டவில்லை. கடைசி ஆட்டம் முடிந்த அன்று நம் கேப்டன் ராஜினாமாவை அறிவித்தார். எல்லாரும் வருந்தினார்கள். அவர் செய்த தியாகங்களைக் கீப்பர் எடுத்துச் சொன்னார், கார்க்காரர் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார், ஏகமனதாகக் கல்லூரிப் பையனைப் புதுக் கேப்டனாக்கினார்கள்.

"சரி, இந்தப் பைய யாரு எடுத்துட்டுப் போறா?" என்றார் பழைய கேப்டன்.

"நான் ஹாஸ்டல்ண்ணே," என்றான் புதுக் கேப்டன்.

கீப்பர் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் ரிப்பேர். முட்டிக்காரரிடம் யாரும் கேட்கவில்லை. கார்க்காரரின் டிக்கியில் சிஎன்ஜி சிலிண்டர் இருப்பதும், இவ்வளவு நாள் பையை நான்கு பேரும் மடியில் வைத்துக்கொண்டு வந்ததும் அப்போதுதான் எல்லாருக்கும் நினைவு வந்தது. இடக்கை ஸ்பின்னர் மட்டும், "நான் வெச்சுக்குவேன், ஆனா வீட்ல கேக்கணும்," என்று போனை எடுத்துக்கொண்டு வேப்பமரத்துப் பக்கம் போனார். போனவர் அப்படியே பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஆடி பிறக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. குழுவில் நேற்று இரவு ஒரு செய்தி வந்திருக்கிறது: 'ரெஜிஸ்ட்ரேஷன் ஸ்டார்ட் ஆயிடுச்சு. ஆளுக்கு ரெண்டு போட்டோ, ஆதார் ஜெராக்ஸ் குடுங்கப்பா.' அனுப்பியவர் பழைய கேப்டன். கீழே ஒன்பது கட்டைவிரல்.